சுடுமணலும் என் கணவரின் கால்களும்

செருப்பு கழன்றது அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் படியிறங்கி வந்துகொண்டிருந்தோம். என் கணவர் அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். எங்கள் பக்கத்தில் அவர்களைச் சொல்தா என்போம். வில்லியனூரை ஒட்டிய எங்கள் பங்கு கிராமத்தில் அப்படி நாலைந்து வீடுகள் உண்டு. ஆள் பிரான்சிலும் பெண்டாட்டி இங்கேயுமாகக் குடும்பம் நடக்கும். அவர் லீவில் வந்திருந்தார். பேசிக்கொண்டே நடந்தவரின் இடது கால் செருப்பு படியிலேயே நின்றுவிட்டது. அவர் பாட்டுக்கு வெறுங்காலோடு ஜல்லி கொட்டிய பாதையில் போய்க்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, செருப்ப வுட்டுட்டு வர்றீங்களே" என்றேன்.

குனிந்து பார்த்தார். சிரித்தார். "பூட்சு போட்டுப் போட்டு காலு செத்துப்போச்சுடி" என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். அதைப் பற்றி இருவருமே பிறகு யோசிக்கவில்லை.

எழுபதுகளின் பிற்பாதியில் நடந்தது இது. இதே நோயோடு ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்பிக்கை கொடுப்பதற்காக நான் எழுதவில்லை. அதைக் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். கடற்கரையில் ஒரு வருஷம் நாங்களே அதைத்தான் ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த லீவுக்கு அவர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கூட இருந்த சொல்தா ஒருவர் மூலம் தகவல் வந்தது. பல மாதம் கழித்து ஒரு பங்குனியில் கைத்தடியோடு வந்து இறங்கினார். உடம்பு சரியில்லை என்று பட்டாளத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள். நோய்க்குப் பிரெஞ்சில் நீளமாக ஒரு பெயர் சொன்னார். அதற்கு அர்த்தம் அவருக்கும் தெரியாது. அணிவகுப்பில் போடுகிற கட்டளைகளுக்கு மேல் அவருடைய பிரெஞ்சு வளரவில்லை.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொன்னார். "குளுருதாண்டி காரணம். அங்க நோவாளிங்கள எல்லாம் தெக்கால கடலோரத்துக்கு அனுப்புவாங்க, வெயில் காய. நமக்கு இன்னா, கடலும் வெயிலும் வூட்டாண்டயே கெடக்குது."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தை மாதத்தில் டவுன் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் சட்டையில்லாமல் வெயில் காய்வதை நானே பார்த்திருக்கிறேன். காசைக் கொட்டி அவர்கள் தேடி வருகிற வெயில் எங்கள் நெல் களத்தில் சும்மா காய்ந்துகொண்டிருந்தது. பனி நாட்டில் பிடித்தது வெயில் நாட்டில் விடும் என்று நினைத்தேன். அவர் மறுபடியும் தடியில்லாமல் நடக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

என் மூத்தார் (கணவரின் அண்ணன்) சவரிநாதன் கரும்புப் பயிர் வைத்திருந்தார். எதையும் தீர விசாரித்துவிட்டுத் தப்பான முடிவுக்கு வருவார். அங்கே என்ன வைத்தியம் செய்தார்கள் என்று தம்பியைக் கேட்டார்.

முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்களாம். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்களாம். ஒருநாள் பெரிய தொட்டியில் வெந்நீர் நிரப்பி அதில் உட்கார வைத்தார்களாம். டாக்டர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே தூக்கியபோது கால் இரண்டும் துவண்டுவிட்டன. உடம்பு ஆறியதும் பழையபடி வந்தன. டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

"அப்ப அதாம்பா வைத்தியம்" என்றார் மூத்தார். "அத்தினி டாக்டரு சும்மாவா நின்னு பாப்பாங்க? நீ பாதியில வுட்டுட்டு வந்துட்ட."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சுளுக்குக்கு ஒத்தடம், நீர்க்கோவைக்கு வேது, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நெல் அவிக்கிற அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, மோட்டார் கொட்டகைத் தொட்டியில் கொட்டி விளாவி, அவரைக் கழுத்தளவு உட்கார வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கால் துவண்டது. பேச்சுகூடக் குழறியது. நான் பயந்துபோனேன். "வியாதி எறங்குதும்மா, பயப்படாத" என்றார் மூத்தார். வேப்பமரத்து நிழலில் கிடத்தினோம். உடம்பு ஆறியதும் எழுந்து நடந்தார்.

தினமும் விழுந்தார், தினமும் எழுந்தார். விழுந்ததை நோயின் பேரிலும் எழுந்ததை வைத்தியத்தின் பேரிலும் போட்டுக்கொண்டோம்.

வீராம்பட்டினத்திலிருந்து எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவருகிற செங்கேணி இதை ஒருநாள் நின்று பார்த்தாள். கூடையை இறக்காமலே தீர்ப்புச் சொன்னாள். "தண்ணி சூடெல்லாம் ஒரு சூடா? எங்க ஊரு மணல்ல பொதைச்சி எடுங்க. கடலு உப்பும் சேந்து ஏறும். எங்க வூட்ல ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்குது, வந்து தங்குங்க."

போனோம். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுது நெருங்கும்போது அவரை மணலில் உட்கார வைத்து, இடுப்புவரை சுடுமணலை வாரி மூடுவோம். மேலே ஒரு குடை. மேற்கேயிருந்து தீயாக ஒரு காற்று வீசும். அவருக்குச் சூடே உறைக்காது. முதல் நாள் மாலை வேட்டியை விலக்கினால் முழங்காலுக்குக் கீழே கொப்புளம். அவர் அதையும் வேடிக்கைபோலத் தொட்டுப் பார்த்தார்.

மதியம் சாய்ந்ததும் காற்று திரும்பும். கடல்காற்று சில்லென்று ஏறி வரும். கட்டுமரக்காரர்கள் இரண்டு பேர் அவரைப் பிணம்போலத் தூக்கி வந்து கரையில் போட்டிருந்த பந்தலில் போடுவார்கள். அந்தக் காற்றில் கிடந்து, முழங்கால் தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். பிறகு தடியைக்கூடத் தொடாமல் ஈரமணலில் ரொம்ப தூரம் நடந்துவிட்டு வருவார். நான் பின்னாலேயே போவேன். அவருடைய இடது காலடி மட்டும் கொஞ்சம் இழுபட்டுப் பதியும். அதைப் பார்த்துக்கொண்டே, நேற்றைக்கு இன்று இழுப்பு குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

நான் பார்த்ததை மற்றவர்களும் பார்த்தார்கள். அந்த ஊர்ச் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்கு வந்த கூட்டத்தில் பாதி, பிணமாகத் தூக்கி வரப்பட்டவர் எழுந்து நடப்பதைக் கண்ணால் கண்டது. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? பக்கவாதக்காரர்கள், முட்டி பிடித்தவர்கள், கால் சூம்பிய குழந்தைகள். மடுகரையிலிருந்து மாட்டு வண்டி கட்டி வந்தார்கள். செங்கேணி வீட்டில் கீற்று போட்டு இன்னும் இரண்டு அறை இழுத்தாள். மற்ற வீடுகளும் அறை விட்டன. மணல் எங்கே நன்றாகச் சுடும், எத்தனை மணிக்குப் புதைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்ல ஆள் கிளம்பிவிட்டது. எல்லோரும் முதலில் தேடி வந்தது என் கணவரைத்தான். சந்தைக்கு மாடு வாங்க வந்தவர்கள்போல அவர் காலைத் தொட்டு, தட்டிப் பார்த்தார்கள்.

திருக்கனூரிலிருந்து பச்சையம்மாள் என்ற பெண் வந்தாள். களத்து வேலைக்குப் போகிறவள். ஏழெட்டு வயது மகள் வள்ளியை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வள்ளிக்கு இளம்பிள்ளை வாதம் (போலியோ, தசையைச் சூம்பிப்போக வைக்கும், ஆனால் தொடு உணர்வைக் கெடுக்காது). என் கணவருக்குச் சுடாத மணல் அந்தக் குழந்தைக்குச் சுட்டது. போட்ட கூச்சல் அலைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

ஐப்பசி மழை தொடங்கியதும் கரை காலியாகிவிட்டது. நாங்களும் வீட்டுக்கு வந்தோம். மழையிலும் பனியிலும் அவர் இன்னும் நன்றாக நடந்தார். கிறிஸ்துமஸ் பூசைக்குத் தடியில்லாமல் போனார். நான் மாதாவுக்கு நேர்ந்துகொண்டதன் பலன் என்று என் அம்மா சொன்னாள். மூத்தார் வெந்நீர் என்றார். மீன் கொண்டுவந்த செங்கேணி மணல் என்றாள். மார்கழிக் குளிர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மாசியில் வெயில் ஏறியது. ஒரு காலை எழுந்தவர், வலது கண்ணில் புகை மூட்டமாக இருக்கிறது என்றார். டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

வயதான டாக்டர். பிரெஞ்சும் தெரிந்தவர். கண் நரம்பு அழற்சி (பார்வை நரம்பு வீங்கிப் பார்வை மங்குவது) என்றார். பிரான்சில் வைத்த நீளமான பெயரை என் கணவர் சொன்னதும் டாக்டர் தலையசைத்து, இங்கே அதற்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர் என்றார் (மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறை ஆங்காங்கே அழிந்து தழும்பேறும் நோய்).

"இங்க வந்து என்ன வைத்தியம் பாத்தீங்க?"

"அங்க பண்ணதேதாங்க" என்றேன். "வெந்நீர்த் தொட்டி. அப்புறம் சுடுமணலு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அது வைத்தியம் இல்லம்மா. டெஸ்டு. சூடு ஏறினா இந்த நோய்க்காரங்களுக்குக் கை காலு விழும். அப்படி விழுதான்னு பாக்கத்தான் தொட்டியில உக்கார வப்பாங்க. விழுந்துச்சுன்னா நோய் இதுதான்னு உறுதி."

பிரான்சில் டாக்டர்கள் தலையாட்டிக்கொண்டது அதற்காகத்தான். பங்குனியிலிருந்து ஐப்பசிவரை அந்தப் பரிசோதனையை நாங்கள் தினமும் செய்து, தினமும் அதே முடிவைக் கண்டு, தினமும் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

"அப்ப நாங்கதான் கெடுத்துட்டமா டாக்டர்?"

"இல்ல. சூடு நரம்பைக் கெடுக்காது. ஏற்கெனவே கெட்டதை வெளிய காட்டும், அவ்வளவுதான். நீங்க ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தாலும் இன்னிக்கு இங்கதான் வந்திருப்பீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. தப்பு செய்திருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்று ஆனபின் கையை எங்கே வைத்துக்கொள்வது?

என் கணவர் கேட்டார்: "குளுரு தேசத்துலயே இருந்திருந்தா?"

"குணமாகாது. மத்தியானத்துல இப்படித் துவண்டு போகாம இருப்பீங்க. இந்த நோய்க்கு நம்ம ஊர் வெயில் ஆகாதுங்க. கடல்காத்து நல்லது."

ஸ்டீராய்டு ஊசி (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) போட்டார்கள். பார்வை பாதி திரும்பியது. இடது காலும் இடுப்பும் முன்னைவிடத் தளர்ந்திருந்தன. காலைகளில்கூட இப்போது நடக்க முடியவில்லை. உடம்பு நன்றாகக் குளிர்ந்தால் மட்டும் எழுந்து நின்றார்.

அதனால் பங்குனியில் மறுபடியும் செங்கேணி வீட்டுக்கே போனோம். இந்தமுறை மணலுக்காக இல்லை, காற்றுக்காக. பகலெல்லாம் ஈரத் துணி போர்த்தி உள்ளே கிடத்தியிருப்பேன். காற்று திரும்பியதும் பந்தலுக்குக் கொண்டுவருவேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து நடப்பார். முன்போல ரொம்ப தூரம் இல்லை, கவிழ்த்துப் போட்ட கட்டுமரம்வரை போய்த் திரும்புவார். அது போதும் எனக்கு. நாள் முழுவதும் அதற்காகவே காத்திருந்தேன்.

கரையில் கூட்டம் போன வருஷத்தைவிட அதிகம். பச்சையம்மாளும் வள்ளியோடு வந்திருந்தாள். போன வருஷம் அவர் புதைந்திருந்த இடத்தைச் செங்கேணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதே இடத்தில் பள்ளம் பறித்திருந்தாள். நான் போய் டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மணலால் ஒன்றும் ஆகாது, குழந்தையைச் சுடாதே என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "யக்கா, உங்க வூட்டுக்காரரு நடந்தத நான் பாத்தேன். நேத்துகூட நடந்தாரே" என்றாள். "உங்களுக்குப் பலிச்சிருச்சி. எம்புள்ளைக்கும் பலிக்கட்டும், வுடுங்க."

உண்மையைச் சொல்ல நான் இருந்தேன். பொய்யைச் சொல்ல என் கணவரே நடந்துகொண்டிருந்தார்.

அன்றும் வள்ளி கதறினாள். அவர் பந்தலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். காற்று வந்தது. நான் தோள்கொடுக்கப் போனேன்.

"வேணாம் தெரேசு. இன்னிக்கு எழுந்துக்கல."

"ஏன், முடியலியா?"

"முடியும். நான் எழுந்தா நாளைக்கும் அந்தப் புள்ளையப் பொதைப்பாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரான் பிள்ளைக்காக, இருக்கிற கொஞ்ச நேரத்தையும் இவர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று வந்தது. "அவங்க நீங்க சொல்லியா கேக்கப்போறாங்க? நான் சொன்னதையே கேக்கல. உங்க காலு எத்தினி நாளைக்கின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுக்கின்னா?" என்றார். "நடந்தா அவ நம்புறா. நடக்கலன்னா நீ அழுவுற. யாரையாவது ஒருத்தர அழ வச்சித்தான் ஆவணும்."

அன்று அவர் எழவில்லை. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் எழவில்லை. காற்று அருமையாக வீசியது. அவர் பந்தல் காலில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார். கூட்டம் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனது. நான் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். சோற்றை வைத்தேன், துணியை நனைத்துப் போட்டேன்.

அந்த வாரக் கடைசியில் பச்சையம்மாள் மூட்டையைக் கட்டினாள். வடக்கே தள்ளி வேறொரு குப்பத்தில் அறை பார்த்திருந்தாள். போகும்போது சொல்லிக்கொண்டு போனாள்: "இந்த எடத்து மணல்ல சக்தி போயிடுச்சி யக்கா. உங்க வூட்டுக்காரரையும் அங்க இட்டாந்துடுங்க." வள்ளி அவள் இடுப்பிலிருந்து எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

அவ்வளவுதான். அவர் எழாமல் உட்கார்ந்ததில் குழந்தைக்கு இடம்தான் மாறியது.

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மறைக்கவில்லை. இனி அவர் எழுந்து நடக்கத் தடையில்லை. அன்று மதியம் காற்று திரும்பியதும் ஓடிப்போய் எதிரே நின்றேன். "பாருங்க, அவ பூட்டா. இப்பவாவது வாங்க."

அவரும் சிரித்தார். எங்கள் சண்டை தீர்ந்ததில் அவருக்கும் நிம்மதி. இரண்டு கையையும் என் தோளில் வைத்தார். இடுப்பைத் தூக்கினார். அப்படியே உட்கார்ந்தார்.

"விளையாடாதீங்க" என்றேன்.

"காலு வரலடி."

இன்னும் உடம்பு ஆறவில்லை என்றேன். காத்திருந்தோம். தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினேன். கட்டுமரக்காரர்களைக் கூப்பிட்டு அலையிலேயே கொண்டுபோய் உட்கார வைத்தேன். அவர் பல் கிட்டிப்போகும் அளவுக்குக் குளிர்ந்துவிட்டார். காற்று குறையில்லாமல் வீசிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரமாகியது. கால் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. மறுபடி டவுன் ஆஸ்பத்திரி, மறுபடி ஊசி. இந்தமுறை ஒன்றும் திரும்பவில்லை. இந்த நோய் அப்படித்தான் வரும் என்றார் டாக்டர். எப்போது, எதை எடுத்துக்கொண்டு போகும் என்று சொல்லாது.

பிறகு சில வருஷம் இருந்தார். படுக்கையில்தான். சிறுநீருக்குக் குழாய் வைத்தார்கள். படுக்கைப் புண் (ஒரே பக்கம் கிடப்பதால் தோலும் சதையும் அழுகுவது) வராமல் இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் போடக் கற்றுக்கொண்டேன். ஒரு ஆவணி மாதம், காய்ச்சல் கண்டு, காய்ச்சலின் சூட்டில் பேச்சும் போய், இறந்தார்.

என் உடம்பு இன்னும் அந்த இரண்டு மணிக் கணக்கை விடவில்லை. தூக்கத்திலேயே புரட்டுகிற பாவனையில் கை நீள்கிறது. நாட்களையும் மற்றவர்கள்போல என்னால் எண்ண முடிவதில்லை. எனக்கு வெயில் நாள், ஆறிய நாள் என்று இரண்டே வகைதான். மதியத்தில் காற்று மாறினால் எங்கள் தெருவில் எல்லோரும் அப்பாடா என்று வெளியே வந்து உட்காருவார்கள். நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

நோயின் மேல் எனக்குக் கோபமில்லை. அதற்கு யாரையும் தெரியாது. அவர் எழுந்திருக்க முடிந்தும் எழாமல் இருந்த அந்தச் சாயங்காலங்களைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கடைசிவரை அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவருடைய கால்கள். யாருக்குக் கொடுப்பது என்பதும் அவர் இஷ்டம்தான்.

எனக்குக் கொடுத்திருக்கலாம்.